கை படாத பத்தியம்

"பத்தியம் என்னம்மா?" என்ற கேள்வி காதில் விழுந்தாலே டாக்டர் இன்னாசியம்மாளுக்கு எரிச்சல் உள்ளங்காலிலிருந்து ஏறும்.

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி வைத்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார். "ஒண்ணும் கிடையாது. எல்லாம் சாப்பிடலாம்." அப்படிச் சொன்னதும் வந்தவர்களின் முகம் தொங்கிவிடும். பத்தியம் இல்லாத மருந்து ஒரு மருந்தா? அதில் வீரியம் எங்கே இருக்கும்? பாட்டிலைக் கொண்டுபோய் மாடத்தில் வைப்பார்கள். இரண்டு வேளை குடிப்பார்கள், அப்புறம் மறந்துபோவார்கள். நோய் முற்றிய பிறகு வந்து, "உங்க மருந்து கேக்கலம்மா" என்று அவர் மேலேயே குறை சொல்வார்கள்.

பக்கத்து அறையில் மருந்து கலக்கிக் கொடுக்கிற கம்பவுண்டர் நைனா முகமதுவுக்கு இந்த வீம்பெல்லாம் கிடையாது. ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டும்போதே குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி சொல்வார். "கத்திரிக்கா ஆகாது. கருவாடு ஆகாது. ஒரு வேளை தப்புனாலும் மருந்து முறிஞ்சு போகும், பாத்துக்க." அவர் கையால் வாங்கிக்கொண்டு போனவர்கள் வேளை தவறாமல் குடித்தார்கள், பிழைத்தும் எழுந்தார்கள். இது இன்னாசியம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லையே என்பது எரிச்சலுக்கு மேல் எரிச்சல்.

"ஏன் பாய், படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?" என்று ஒருமுறை கேட்டார்.

"நான் என்ன செய்ய டாக்டரம்மா? அவுகளுக்கு மருந்து மேல நம்பிக்கை இல்ல. நாக்கக் கட்டுறது மேலதான் நம்பிக்கை. கட்டச் சொன்னா மருந்தும் சேந்து உள்ள போயிருது."

இன்னாசியம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். கன்னியாஸ்திரிகள் படிக்க வைத்து எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்தவர். ஆஸ்பத்திரி மேற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே நாலு கட்டில், ஒரு பெஞ்சு. மாடியில் அவர் குடியிருந்தார். காற்றுத் திரும்பினால் பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை மாடி வரைக்கும் வரும். வேலை முடிந்து மேலே போனால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் கீழே, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், எதிரில் இருக்கிறவள் வாயைத் திறக்காமலிருப்பது அவருக்குப் பொறுக்காது. பெஞ்சில் இன்னும் இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று தோன்றும். அவரே பேசி முடித்துவிடுவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், வெயில் ஆரம்பித்த சமயத்தில், மாயம்மாள் மூன்றாவது தடவையாக வந்தாள். செம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கூட அவள் மாமியார் சின்னக்கண்ணு. கிழவி எப்போதும் முன்னால் நடப்பாள். மருமகள் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பாள்.

முதல் தடவை மணிக்கட்டு ஒடிந்து வந்தாள். "மாட்டுக் கொட்டத்துல சாணியில வழுக்கிட்டா தாயி" என்றாள் கிழவி. இரண்டாவது தடவை சேலையெல்லாம் ரத்தமாக, கரு கலைந்து வந்தாள். "தண்ணிக் கொடத்தோட விழுந்துட்டா." இப்போது மறுபடியும் நாலு மாசம். இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. தலை சுற்றுகிறது, மண்டையிடி, வாந்தி, ராத்தூக்கம் இல்லை. காற்றில் ஆடுகிற துணி மாதிரி இருந்தாள். தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் கை நடுங்கித் தண்ணீர் தளும்பியது.

"காதுல என்ன?"

"காளை முட்டிருச்சு தாயி" என்றாள் சின்னக்கண்ணு.

"நான் அவளைக் கேட்டேன்."

"அவளுக்கென்ன தெரியும்? வாயில்லாத பூச்சி. நாந்தான் சொல்றேன்ல."

இன்னாசியம்மாளுக்குத் தெரியாமலா இருக்கும்? கன்னத்தில் விரல் பதிந்த தடம் இன்னும் பச்சையாக இருந்தது. இந்த ஊரில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய எல்லாருக்கும் தெரியும். ஒடிந்ததைக் கட்டு, கிழிந்ததைத் தை, அனுப்பு. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஸ்டேஷனுக்குப் போனால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சிரிப்பார்கள். பெரிய மனுஷர்களிடம் சொன்னால், அடி வாங்கினவளுக்கு வாய் நீளமாயிருக்கும் என்பார்கள். அப்படி அப்படியே விட்டுவிட்டுத்தான் இத்தனை காலம் வண்டி ஓடியிருக்கிறது. ஆனாலும் அந்தக் காதைப் பார்த்தபோது, தானே ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாக ஒரு அலுப்பு வந்தது.

"ஆத்தா, அந்த ஜன்னல்ல போயி மருந்தை வாங்கிட்டு வாங்க" என்று கிழவியை அனுப்பினார். அவள் மனசில்லாமல் எழுந்து போனதும் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்க் காளை அஞ்சு விரலோடயா முட்டும்?"

மாயம்மாள் தரையைப் பார்த்தாள். உதடு அசைகிற மாதிரி இருந்தது. பெஞ்சில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ இருமினார்கள்.

"சரி, விடு. நீயும் மாடுன்னுதான் சொல்லப் போற. போ. உன் புருஷனை நான் வரச் சொன்னேன்னு சொல்லு."

மாயம்மாள் தலையை ஆட்டினாள்.

சங்கிலி மறுவாரமே வந்தான். வெங்காயம் போடுகிற சம்சாரி. நல்ல உழைப்பாளி என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தை மேஜை ஓரமாக வைத்துவிட்டு, கதவோரமாகவே நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. இவனையா திட்டுவது என்று ஒரு நிமிஷம் இன்னாசியம்மாளுக்கே தடுமாற்றமாகப் போயிற்று. மிருகம் மாதிரி ஒருவன் வந்து நிற்பான், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று இருந்தவருக்கு, இந்தப் பணிவு வாயைக் கட்டிப்போட்டது.

"காதுக்குள்ள ஒரு சவ்வு இருக்குப்பா. தப்பட்டைத் தோலு மாதிரி. அது கிழிஞ்சிருக்கு. இப்ப ஆறிட்டு வருது. மறுபடி அந்தக் காதுல அடி கிடி பட்டுச்சுன்னா ஆயுசுக்கும் செவிடுதான்."

"அப்படிங்களா தாயி" என்று கவலையோடு கேட்டுக்கொண்டான். "நீங்க சொன்னீங்கன்னா சரி. படாமப் பாத்துக்கிறேன்."

யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது. அவன் போனபிறகு, நாசூக்காகக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று இன்னாசியம்மாளுக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. பிற்பாடு அந்தத் திருப்தியை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

அடுத்த தடவை மாயம்மாளும் மாமியாரும் வந்தபோது காதில் சீழ் நின்றிருந்தது. விளக்கை அடித்துப் பார்த்து, "நல்லா மூடிக்கிட்டு வருதே" என்று சந்தோஷமாகச் சொன்னார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது மாயம்மாள் முகத்தைச் சுளித்தாள். முதுகைத் திருப்பி ரவிக்கையை விலக்கினால், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வரி வரியாக நீலம் பாரித்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறாக இருக்கவேண்டும்.

"இது என்ன?" குரல் தெருவரைக்கும் போயிற்று.

சின்னக்கண்ணு பதறவில்லை. நல்ல பிள்ளையைப் பெற்றவளின் பெருமைதான் அவள் முகத்தில் இருந்தது. "நீங்க சொன்னதுலருந்து காதுப் பக்கமே அவன் கை போகல தாயி. எம்புட்டுக் கோவம் வந்தாலும் சரி, தலையத் தொடுறதே இல்ல. டாக்டரம்மா பேச்ச அப்படிக் காப்பாத்துறான்."

இன்னாசியம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காதுக்கு அவர் சொன்னதை அவர்கள் காதுக்கான பத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வயிற்றுப்போக்குக்குப் பால் ஆகாது என்றால் பாலை மட்டும் நிறுத்துவதில்லையா, அது மாதிரி. ஏய்க்கவில்லை. உண்மையாகவே கடைப்பிடித்திருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. ஏய்ப்பவனைத் திட்டலாம். சொன்னபடி நடந்துகொண்டு வந்து நிற்பவனை என்ன செய்வது?

பக்கத்து அறையில் மருந்து கலக்குகிற சத்தம் நின்றிருந்தது. நைனா முகமது காது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"ஆத்தா, இங்க வாங்க" என்றார் இன்னாசியம்மாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "இப்ப ஒரு மருந்து தாரேன். ரத்தத்துல ஊறுற மருந்து. இதுக்குப் பத்தியம் உண்டு."

கிழவியின் முதுகு நிமிர்ந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அவள் முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தையைக் கேட்டாள். "சொல்லுங்க தாயி."

"கை படக்கூடாது. இவ மேல யார் கையும் ஓங்கி விழக்கூடாது. காலும் கூடாது. கயிறு, குச்சி, அகப்பை எதுவும் கூடாது. பட்டுச்சுன்னா உள்ள இருக்கிற மருந்து முறிஞ்சு விஷமாகிப் பிள்ளைக்கு இறங்கும்."

"ஆத்தீ!" கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வையலாமா?" என்று கேட்டாள்.

இன்னாசியம்மாள் பதில் தேடுவதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "வஞ்சா மருந்து பாதிதான் வேலை செய்யும் பெரியம்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

"எம்புட்டு நாளைக்கு தாயி?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. மாயம்மாளின் வயிறு கண்ணில் பட்டது. "பிள்ளை பொறக்குற வரைக்கும்" என்று சொல்லிவிட்டார்.

சாதாரண இரும்புச் சத்து மருந்துதான். நைனா முகமது அதை இரண்டு கையாலும் ஏந்தி, பிரசாதம் மாதிரி கொடுத்தார். அவர்கள் போனதும், "ஒன்பது வருஷமா நான் சொன்னது இன்னைக்குத்தான் உங்களுக்கு ஏறியிருக்கு டாக்டரம்மா" என்று சிரித்தார். இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

பத்தியம் பலித்தது. அதுவும் எப்படி!

மாசாமாசம் வந்த மாயம்மாளைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷமும் தன் மேலேயே எரிச்சலும் சேர்ந்தே வந்தன. முதலில் கை நடுக்கம் நின்றது. அடுத்து, இடைவிடாமல் இருந்த மண்டையிடி மாத்திரை எதுவும் இல்லாமலே போயிற்று. தூக்கம் வந்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. கதவு சத்தமாகச் சாத்தினால் தூக்கிப்போடுகிற அந்தத் துடிப்பு கடைசியாகத்தான் அடங்கியது. வருஷக்கணக்கில் எத்தனை பெண்களுக்கு மண்டையிடிக்கும் தூக்கமின்மைக்கும் பாட்டில் பாட்டிலாக ஊற்றியிருப்பார்! அவர்கள் கொண்டுவந்த நோயின் பேர் வேறு, அவர் எழுதிக் கொடுத்த நோயின் பேர் வேறு. மாடியில் ராந்தல் வெளிச்சத்தில் இதை நினைத்துக்கொண்டு புத்தகத்தின் ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

விஷயம் ஊருக்குள் பரவியது. செம்பட்டிப் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் நேராக நைனா முகமதுவின் ஜன்னலுக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். "அந்தக் கை படாத பத்தியம் இருக்காமே." பேகம்பூரிலிருந்து அஜீஸுன்னிசா என்கிற பெண் மாமியாரோடு வந்தாள். மாமியார் செருப்பைக் கழற்றுகிற இடைவெளியில் டாக்டர் காதில் வேகமாகச் சொன்னாள்.

"எனக்கும் அந்த மருந்தே தாங்கம்மா."

"உனக்கு என்ன செய்யுது?"

"வலி."

"எங்க?"

"எங்கயாவது வலிக்குதுன்னு நீங்களே எழுதிக்கங்கம்மா. அவுக வாராக."

இன்னாசியம்மாளுக்குக் கோபமாக வந்தது. இது என்ன ஆஸ்பத்திரியா, மந்திரிக்கிற இடமா? வியாதி இல்லாதவளுக்கு மருந்து கொடுக்கவா படித்தது? ஆனால் சோதித்துப் பார்த்தால் ஒருத்தியாவது வியாதி இல்லாதவளாக இருந்தால்தானே! அஜீஸுன்னிசாவுக்கு விலா எலும்பு எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. இன்னொருத்திக்கு ரத்த அழுத்தம். வேறொருத்திக்கு, கண்ணுக்குள் பழைய ரத்தக்கட்டு. எல்லாருக்கும் ரத்தம் இல்லை. இரும்புச் சத்து மருந்து கொடுக்காமலிருக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கொடுத்தார்.

ஆண்கள் ஜன்னலில் வந்து நயமாகப் பேரம் பேசினார்கள். "ஏன் பாய், சும்மா ஒரு தட்டுத் தட்டுனா?"

"ஒரு தட்டுக்கு ஒரு பாட்டில் கூடும்" என்பார் நைனா முகமது, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

ஆடிக் காற்றில் மாயம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை முதலில் வந்து, நல்லபடியாக. பேறுகாலம் பார்த்தது இன்னாசியம்மாள்தான். குழந்தை கத்திய கத்தலில் நாலு கட்டிலும் விழித்துக்கொண்டன. அன்றைக்கு மட்டும் அவருக்கு எரிச்சலே வரவில்லை.

பிள்ளைக்குப் பேர் வைத்து, கழுத்து நின்ற பிறகு, ஒரு காலை நேரத்தில் அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். பெஞ்சு நிறைந்திருந்தது. அஜீஸுன்னிசாவும் அவள் மாமியாரும்கூட அன்றைக்கு இருந்தார்கள். சங்கிலி வெள்ளை வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் மினுக்க வந்திருந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். சின்னக்கண்ணு கையில் ஒரு தூக்குவாளி நிறைய நல்லெண்ணெய். மாயம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள்.

"என்னப்பா இது, கல்யாணத்துக்கா கூப்பிட வந்திருக்கே?" என்றார் இன்னாசியம்மாள்.

"இல்லீங்க தாயி." சங்கிலி தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். "பத்தியம் முறிக்கணும்ல. எண்ணெ தேச்சு முழுக்காட்டறதுக்கு முந்தி உங்க வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டுப் போகலாம்னு ஆத்தா சொல்லுச்சு. பத்தியம் முடிஞ்சுதுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா…"

"சொல்லிட்டேன்னா?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "எப்பவும் போல இருந்துக்கலாம்ல தாயி."

பெஞ்சிலிருந்த பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இன்னாசியம்மாள் அவனையே பார்த்தார். அவன் கண்ணில் கள்ளம் இல்லை, கொடூரமும் இல்லை. நோன்பு முடிக்க அனுமதி கேட்கிறவனின் முகம். "ஏம்ப்பா, இத்தனை மாசம் கை ஓங்காம இருந்தியே, கோவமே வரலையா?"

"வராம என்ன தாயி? வாரப்பல்லாம் கெணத்து மேட்டுக்குப் போயி நின்னுக்கிடுவேன். ஒரு நா கமலைக் கயித்தக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க சொன்னதுல இம்மி பிசகல. ஆத்தாளக் கேளுங்க."

"இத்தனை மாசம் முடிஞ்சுதுன்னா இனியும் முடியும்தானே?"

"அது பத்தியத்துக்கு இருந்தது தாயி. பத்தியம்னா இருந்துதான ஆகணும். அதுக்காக ஆயுசு முச்சூடும் ஒரு மனுசன் அப்படி இருக்க முடியுமா? எந்த மருந்துக்குங்க ஆயுசுக்கும் பத்தியம் இருக்கு?"

"நம்ம வைத்தியரு எந்தப் பத்தியத்துக்கும் ஒரு மண்டலத்துக்கு மேல சொல்ல மாட்டாரு" என்று கிழவியும் ஒத்து ஊதினாள்.

இன்னாசியம்மாள் எழுந்துவிட்டார். மருந்தாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் பொய், மனுஷியை மனுஷன் அடிக்கக்கூடாது, அதற்கு ஒரு மருந்தும் வேண்டாம் என்று கத்திவிட வேண்டும் போல இருந்தது. முதல் நாளே, இவன் வாழைப்பழத்தோடு வந்து நின்றபோதே, கத்தியிருக்கவேண்டிய கத்தல். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலில் நைனா முகமது கனைத்தார். நிமிர்ந்து பார்த்தால், பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஜீஸுன்னிசா மெதுவாக, யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவள் பக்கத்தில் அவள் மாமியார். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு மாமியார், ஒரு நாத்தனார், ஒரு புருஷன். இங்கே உண்மையைச் சொன்னால், இத்தனை வீட்டிலும் இன்றைக்கே பத்தியம் முறிந்துபோகும்.

சே, என்று வந்தது அவருக்கு. பொய்யைச் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. ஆயுசுக்கும் பத்தியம் என்று பொய் சொன்னால் இவன் வேறு வைத்தியரிடம் போவான். உண்மையைச் சொன்னால் இவர்களெல்லாம் அடி வாங்குவார்கள். யாரைக் கேட்பது? எல்லாரையும் கேட்டாயிற்று. ஒருத்தியைத் தவிர.

"மாயம்மா" என்றார். "உனக்குச் சுகமாயிருச்சா? நீ சொல்லு."

"அவளுக்கென்ன…" என்று ஆரம்பித்த கிழவியைக் கையை நீட்டி நிறுத்தினார்.

மாயம்மாள் குழந்தையின் முதுகை நீவிக்கொண்டு நின்றாள். தெருவில் ஜட்கா ஒன்று போயிற்று. அதன் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. வார்த்தை இன்னாசியம்மாளின் நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது. சரி, நீ சொல்லமாட்டே என்று முடித்துவிடலாம். உள்ளங்கையை மேஜைமேல் அழுத்திக்கொண்டு நின்றார். குழந்தை ஏப்பம் விட்டது.

"இன்னும் சொகமாகல" என்றாள் மாயம்மாள்.

"என்னடி சொகமாகல? நல்லாத் திங்குற, நல்லாத் தூங்குற!"

"அடி விழாததுனால தூங்குறேன் அத்தை." அவள் குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் நடுங்கவில்லை. "டாக்டரம்மா, நான் சாணியில வழுக்கல. இவுக முறுக்குனதுலதான் கை ஒடிஞ்சுச்சு. கொடத்தோட விழல. இவுக கால்தான். பொம்பளப் புள்ளையா ஆம்பளப் புள்ளையான்னுகூடத் தெரியாமப் போயிருச்சு. காளை முட்டல. எங்க வீட்டுக் காளைக முட்டாதுங்க. அதுக பாவம்."

சங்கிலியின் முகம் கறுத்தது. "ஊரு சிரிக்க வைக்கிறியாடி!" என்று ஒரு எட்டு வைத்தான். பழகின கை, தானாக மேலே போயிற்று.

"ஏப்பா! ஏப்பா! பத்தியம்!" என்று அலறினாள் அஜீஸுன்னிசாவின் மாமியார். "பச்சப்புள்ள பால் குடிக்குது, விசமாயிரும்!"

"பத்தியம் முறிச்சுப்புடாதய்யா!" என்று பெஞ்சிலிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

கை அந்தரத்தில் நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாதவன் மாதிரி அவனே அதைப் பார்த்தான். பிறகு கீழே போட்டான்.

இன்னாசியம்மாள் மேஜையைச் சுற்றி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "கேட்டுக்கப்பா. பத்தியம் இன்னும் முடியல. அவ முடிஞ்சுதுன்னு சொல்ற அன்னைக்குத்தான் முடியும். இன்னொண்ணையும் கேட்டுக்க. இது மருந்துச் சமாச்சாரம் இல்ல. அந்த மணிக்கட்டைப் பாத்தவ நான், அந்தக் காதைப் பாத்தவ நான், செத்த பிள்ளையைக் கையில எடுத்தவ நான். இனி ஒரு அடி விழுந்துச்சுன்னா, போலீஸ் கேட்டாலும் கோர்ட்டுல கேட்டாலும், யாரு அடிச்சான்னு நான் சொல்லுவேன்."

"நாங்க வேற டாக்டர்கிட்டக் காட்டிக்கிறோம்" என்றான் தரையைப் பார்த்தபடி.

"காட்டு. அவரும் இதே காதைத்தான் பாப்பாரு."

"குடும்பத்தப் பிரிக்கிறதுக்குப் பேரு ஆசுபத்திரியா?" என்று சின்னக்கண்ணு தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். "வாடி, போகலாம்."

மாயம்மாள் அசையவில்லை. "நான் இங்கனயே படுத்துக்கிறேன் டாக்டரம்மா. வேடசந்தூர்ல எங்கண்ணன் இருக்கு. ஆள் சொல்லி விடுங்க."

தாம்பாளத்தை மறந்துவிட்டு அவர்கள் போனார்கள். வாசலில் சங்கிலி ஒருமுறை திரும்பிக் குழந்தையைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

கட்டிலில் விரிப்பைப் போட்டுக் கொடுத்தபோதும் இன்னாசியம்மாளின் படபடப்பு அடங்கவில்லை. யார் மேல் என்று இல்லாமல் கோபம். "இதையெல்லாம் அன்னைக்கே சொல்றதுக்கென்ன? கேட்டேன்ல?" என்று சிடுசிடுத்தார்.

"கேட்டீக" என்றாள் மாயம்மாள். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "நான் வாயெடுக்குறதுக்குள்ள நீங்களே மாடுன்னு சொல்லிட்டீக."

இன்னாசியம்மாள் தன் அறைக்குத் திரும்பி வந்தார். அடுத்து அஜீஸுன்னிசா. மாமியாரும் கூடவே எழுந்தாள்.

"நீங்க வெளிய இருங்கம்மா."

"நான் இல்லாம அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்?"

"தெரிஞ்சதைச் சொல்லட்டும்" என்று கதவைச் சாத்தினார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எட்டுப் பத்து மாமியார்கள் அந்தக் கதவைத் தட்டி அவரை வைதுவிட்டுப் போனார்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுத்தது. மத்தியானம் சாப்பிடவே முடியவில்லை.

மறுநாள் மாயம்மாளின் அண்ணன் கருப்பணன் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். ஒல்லியான ஆள், புகையிலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் வேலை. தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கினான். அதைப் பார்த்து இன்னாசியம்மாளுக்கு ஆறுதலாக இருந்தது, அவன் வாயைத் திறக்கிற வரைக்கும்.

"கொஞ்ச நாள் வச்சிருந்து, மச்சானுக்குக் கோவம் ஆறுனதும் நானே கொண்டாந்து விட்டுர்றேன் டாக்டரம்மா. என்ன இருந்தாலும் புருஷன் பொண்டாட்டி…"

"உனக்கும் ஒரு பாட்டில் எழுதட்டுமாப்பா?" என்று பாய்ந்தார். "உங்க வீட்ல இவளை யாரும் ஒண்ணும் கேக்கவே மாட்டீங்களா? அவனுக்குக் கோவம் ஆறணும், கெழவிக்கு மனசு ஆறணும், உனக்கு ஊர் வாய் அடங்கணும். இவளுக்கு என்ன ஆறணும்?"

கருப்பணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஜன்னலுக்குப் பின்னால் நைனா முகமது பாட்டிலில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் மாயம்மாள். "போறதுன்னா நான் சொல்றேன். அதுவரைக்கும் நீயா எதுவும் பேசாத."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மாயம்மாளைப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்தது. கைச்செலவுக்கு என்ன செய்வாள், பால் குறைந்தால் என்ன செய்யவேண்டும், அவன் அங்கேயும் வந்தால் எந்த ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக, அவள் கேட்கக் கேட்க மட்டும் சொன்னார்.

வாசற்படியில் கருப்பணன் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். மாயம்மாள் அவன் கையில் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு முன்னால் நடந்தாள்.